பேனை விலக்குவோம், பிள்ளையை அல்ல



இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொள்வது தலைப்பேன். மறையுரையில் பேனா என்று சிலர் புன்னகைக்கலாம். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றிலும் ஒரே அறையில் பலராகத் தங்கி, ஷிப்டு வேலைக்குப் போகும் நம் பெண்பிள்ளைகளுக்கு இது சிரிக்கும் காரியம் அல்ல. ஒருத்தியின் தலையில் பேன் கண்டால், அன்று இரவே அவள் பாய் மூலைக்குப் போய்விடுகிறது. செங்கல் சூளையில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் குழந்தைகளையும் இதே காரணம் சொல்லித் தள்ளி உட்கார வைக்கிறோம்.

திருச்சபையில் பேனோடு வாழ்ந்த புனிதர் ஒருவர் உண்டு. பிரான்சு நாட்டில் 1748-இல் பிறந்த பெனடிக்ட் ஜோசப் லாப்ரே. துறவு மடங்களில் இடம் கிடைக்காமல், திருத்தலம் திருத்தலமாக நடந்தே திரிந்து, உரோமை நகரில் பிச்சைக்காரராக வாழ்ந்தார். கந்தலும் பேனுமாக இருந்தவரைக் கண்டு பலர் ஒதுங்கினர். 1783 ஏப்ரல் 16 அன்று அவர் இறந்தபோதோ, அவரைக் காண நகரமே திரண்டது. 1881-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. பேனைப் போற்றச் சொல்லி அல்ல. பேனைப் பார்த்து மனிதரை எடைபோடாதே என்று நமக்குச் சொல்ல.

உண்மையில் பேன் அழுக்கினால் வருவதில்லை. அது பறக்காது, குதிக்காது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து ஏறும். நாள்தோறும் குளிக்கும் தலையிலும் ஏறும். தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாளில் செத்துவிடும்.

ஒழிக்கும் வழியும் எளிதுதான், பொறுமை வேண்டும். முடியின் அடியில் ஒட்டியிருக்கும் ஈர் 7 முதல் 10 நாளில் பொரிக்கும். ஆகவே ஒருநாள் சீவி விட்டுவிட்டால் தீராது. தலையை நனைத்து, பேன்சீப்பால் அடியிலிருந்து நுனிவரை, மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரமாவது வார வேண்டும். மருந்து தேவையானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பெர்மெத்ரின் 1 விழுக்காடு மருந்தைப் பத்து நிமிடம் வைத்து அலசி, ஒன்பதாம் நாள் மறுபடி போடுவார்கள். மண்ணெண்ணெயும் பூச்சிமருந்தும் கூடவே கூடாது. ஒன்று தீப்பிடிக்கும், மற்றது நஞ்சு.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. ஓர் அறையில், ஒரு வீட்டில் இருக்கும் எல்லாருடைய தலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். பேன் உள்ளவர்கள் எல்லாரும் அன்றே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். ஒருத்தியை ஒதுக்கினால் அவள் மறைப்பாள். மறைத்தால் பேன் எல்லாருக்கும் திரும்பும். நாம் ஒரே உடலின் உறுப்புகள் என்று பவுலடிகளார் கற்பித்ததை ஒரு சிறு பேனும் நமக்கு நினைவூட்டுகிறது.

பேன் பார்ப்பது நம் வீடுகளில் அன்பின் வேலை. வாசற்படியில் உட்கார்ந்து, பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஈர் உருவும் தாயை நாம் அறிவோம். ஊரைவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இங்கே அந்த மடி இல்லை. நம் அன்பியத் தாய்மார்களே, வரும் ஞாயிறு பிற்பகலில் ஒரு பேன்சீப்போடு அவர்கள் அறைக்குப் போவோமா? சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவர் இந்தப் பணியையும் தமக்குச் செய்ததாகவே ஏற்றுக்கொள்வார்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.