அந்தப் பழைய கேம் அவ்வளவு நல்லதா?

(கிளப் ஹவுஸில் நடந்த நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சுக்குக் காரணம் லிஃப்டில் வந்த ஒரு கேள்வி. நம் குடியிருப்பில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் கேட்டான்: "அங்கிள், ஃபைனல் ஃபேன்டஸி 7 தான் பெஸ்ட் கேம்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு வீடியோ பார்த்தேன். ஆளுங்க எல்லாம் அட்டைப்பெட்டிய ஒட்டவெச்ச மாதிரி இருக்காங்க. உங்க செட்டு ஆளுங்க சும்மா பில்டப் குடுக்கறீங்களா?" அதற்குள் அவன் மாடி வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டான். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. கதையின் பெரிய முடிச்சுகளைப் போட்டு உடைக்கப் போகிறேன். இனிமேல்தான் விளையாடப் போகிறேன் என்பவர்கள் பின்னால் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

கேம் பக்கமே போகாத பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. ரோல் பிளேயிங் கேம் என்பது ஒரு நெடுங்கதை. அதன் நாயகனை நாம் நடத்திக்கொண்டு போக வேண்டும். ஊர் ஊராகப் போவோம், ஆட்களிடம் பேசுவோம், கூட்டாளிகளைச் சேர்ப்போம். சண்டை போடப் போட நம் ஆட்களின் பலம் கூடும். இந்தக் கேமை முடிக்க ஏறக்குறைய 40 மணி நேரம் ஆகும்.

ஜப்பானில் ஸ்கொயர் நிறுவனம் இதை 1997 ஜனவரி 31 அன்று சோனியின் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆறு பாகங்களும் முதலில் நின்டென்டோ இயந்திரங்களில் வந்தவை. நின்டென்டோ 64 கார்ட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டு நின்றது. கார்ட்ரிட்ஜில் அதிகபட்சம் 64 எம்.பி. தான் அடங்கும். ஒரு சிடியில் 650 எம்.பி. அடங்கும். இந்தக் கேமுக்கு அப்படி மூன்று சிடி தேவைப்பட்டது. அதனால் ஸ்கொயர் சோனி பக்கம் சாய்ந்தது. அன்றைக்கு இதன் பெயர் பரவியதில் பாதி, படத்தின் பிரமிப்பால்தான். ஓவியம் போன்ற பின்னணி, இடையிடையே சினிமா போன்ற காட்சிகள். அந்தப் பாதி இன்று செல்லாது. பையன் சொன்னது சரி, ஆட்கள் அட்டைப்பெட்டிகள்தான்.

குறை இன்னும் உண்டு. பத்தடி நடந்தால் ஒரு சண்டை குறுக்கே வரும். சில மந்திரங்களைப் போட்டால் அந்தக் காட்சி ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். நடுவில் வரும் குட்டி விளையாட்டுகளில் சில சுத்த வெட்டி. ஆங்கில மொழிபெயர்ப்பு அவசரக் கோலம். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லும் சின்ன வாக்கியத்திலேயே இலக்கணப் பிழை. ஏரித் என்ற நாயகியின் பெயரே ஏரிஸ் என்று மாறிப்போனது. இத்தனையையும் ஒப்புக்கொண்டுதான் மேலே பேசுகிறேன்.

இந்தக் கேமைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஏரித்தின் மரணத்தை. முதல் சிடியின் முடிவில், அவள் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்யும்போது, வில்லன் செஃபிரோத் மேலிருந்து இறங்கி அவளைக் குத்திவிடுகிறான். கேமில் நாம் வளர்த்த பாத்திரம் செத்தது இதுதான் முதல் தடவை என்று பலர் சொல்வார்கள். அது தப்பு. 1989-இல் வந்த ஃபேன்டஸி ஸ்டார் 2-இல் நெய் இறக்கிறாள். இதே வரிசையின் ஐந்தாம் பாகத்தில் கலூஃப் இறக்கிறார். அந்த முதலிடத்தை இதற்குக் கொடுக்க முடியாது.

ஆனாலும் அந்தக் காட்சி நிற்கிறது. ஏன்? சினிமாவில் ஒருவர் இறந்தால் நாம் அழுகிறோம், ஆனால் நம் கையிலிருந்து எதுவும் போவதில்லை. இங்கே போகிறது. காயத்தை ஆற்றுவது ஏரித்தின் வேலை. அவளுடைய கடைசிச் சக்தியைப் பெறுவதற்காகவே ஊர் ஊராக அலைந்தவர்கள் உண்டு. அந்த உழைப்பெல்லாம் ஒரு நொடியில் போய்விடும். உடனே ஒரு பெரிய சண்டை வரும். வழக்கமான சண்டை இசை அங்கே இல்லை. நொபுவோ உயெமாட்சு அவளுக்கென்று அமைத்த மெல்லிய இசையே தொடர்ந்து ஒலிக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனை அழுத்த வேண்டும். சண்டையில் விழுந்தவரை எழுப்ப ஒரு இறகு இருக்கிறது, கடையிலேயே வாங்கலாம். அவளுக்கு மட்டும் அது உதவாது. அவளை மீட்க ரகசிய வழி இருக்கிறது என்ற வதந்தி பல வருடங்கள் சுற்றியது. தேடிக் களைத்தவர்கள் ஏராளம். வழி எதுவும் இல்லை. இந்த வரிசையைத் தொடங்கிய ஹிரோனொபு சகாகுச்சி தன் தாயை இழந்தவர். உயிர் போனபின் என்ன ஆகிறது என்ற அவருடைய கேள்விதான் இந்தக் கதையின் அடியில் ஓடுகிறது.

இருந்தாலும், என்னைக் கேட்டால், இந்தக் கேமின் பெருமைக்குக் காரணம் அந்த மரணம் இல்லை. நாயகன் க்ளவுட் சொல்லும் ஒரு பொய்.

மிட்கார் என்ற பெருநகரத்தை விட்டு வெளியே வந்ததும், ஒரு விடுதியில் உட்கார்ந்து க்ளவுட் தன் கதையைச் சொல்கிறான். ஐந்து வருடத்துக்கு முன்னால் தான் 'சோல்ஜர்' என்ற சிறப்புப் படையின் வீரன், பெரிய வீரனான செஃபிரோத்தோடு தன் சொந்த ஊரான நிபெல்ஹெய்முக்குப் போனேன் என்கிறான். அந்தக் கதையை நாம் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதில்லை, அதற்குள் நடக்கிறோம். ஊருக்குள் போகிறோம், அவன் அம்மாவைப் பார்க்கிறோம். சின்ன வயதுத் தோழி டீஃபா மட்டும், இந்தக் கதையைக் கேட்கும்போது ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் இருக்கிறாள். நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பல மணி நேரம் கழித்துத்தான் தெரிகிறது, அந்த வீரன் க்ளவுட் இல்லை. அவன் ஸாக் என்ற வேறொருவன். அப்படியானால் க்ளவுட் அங்கே இருந்தானா? இருந்தான். முகம் மூடிய ஹெல்மெட்டோடு கூட வந்த சாதாரணக் காவலாட்களில் ஒருவன் அவன்தான். 'சோல்ஜர்' ஆகித் திரும்புவேன் என்று டீஃபாவிடம் சொல்லிவிட்டு ஊரை விட்டுப் போனவன். தேர்வாகவில்லை. சொந்த ஊருக்குச் சாதாரணக் காவலாளாக வந்தபோது, அவளுக்கு முகம் காட்ட வெட்கப்பட்டு ஹெல்மெட்டுக்குள் ஒளிந்துகொண்டான். பிறகு பட்ட கொடுமைகளில் மனம் சிதைந்து, ஸாக்கின் வாழ்க்கையையே தன்னுடையது என்று நம்பத் தொடங்கிவிட்டான். உண்மை வெளியே வரும் இடத்தில் ஆட்டம் நம் கையிலிருந்து க்ளவுடைப் பிடுங்கிக்கொள்கிறது. டீஃபாவாக நாம் அவன் நினைவுக்குள் போய், அவனோடு சேர்ந்து துண்டு துண்டாக உண்மையைப் பொறுக்குகிறோம்.

இதைக் கல்லூரி விடுதியில், நண்பனின் கம்ப்யூட்டரில் முதல் தடவை விளையாடியபோது, நல்ல ட்விஸ்ட் என்று மட்டும்தான் தோன்றியது. போன வருடம் திரும்ப விளையாடினேன். அந்த ஹெல்மெட் காட்சியில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த ஹாலில் இருக்கும் நம்மில் பலர் ஏதோ ஒரு ஊரிலிருந்து கிளம்பி வந்தவர்கள். கிளம்பும்போது யாரிடமோ ஏதோ ஆகிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருப்போம். வேலை போயிருந்த மாதங்களில் ஊர்த் திருவிழாவுக்குப் போய், "ஆபீஸ்ல செம பிஸி மாமா" என்று சொன்னவன் நான். அதுவும் ஒரு ஹெல்மெட்தான். க்ளவுட் தோற்றதில் அவமானம் இல்லை, அதை மறைத்ததில்தான் அவன் தன்னையே தொலைத்தான் என்று இந்தக் கேம் சொல்கிறது. அதை எழுத்தில் படித்திருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். அந்தப் பொய்க்குள் என்னையே பட்டன் அழுத்தி நடக்க வைத்ததால் தப்பிக்க முடியவில்லை. இதை நாவலோ சினிமாவோ இதே விதத்தில் செய்ய முடியாது.

இன்னொன்றும் உண்டு. பூமியின் உயிர்ச்சத்தை உறிஞ்சி மின்சாரம் எடுக்கும் ஷின்ரா கம்பெனியின் நிலையத்தைக் குண்டு வைத்துத் தகர்ப்பதுதான் நம் முதல் வேலை. உற்சாகமாகச் செய்கிறோம். வெகு நேரம் கழித்து, அந்த வெடிப்பில் செத்த சாதாரண மக்களைப் பற்றி நம் கூட்டாளி ஒருவனே கேட்கிறான். குண்டு வைத்த பேரட்டிடம் சரியான பதில் இல்லை. நம்மிடமும் இல்லை. நல்ல காரணம் இருந்தால் போதுமா என்ற கேள்வியை, கைதட்டிவிட்டு மறந்திருந்த நேரத்தில் திருப்பிக் கேட்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: படத்துக்காகக் கிடைத்த பெயர் காலாவதியாகிவிட்டது. மரணத்தில் முதலிடம் என்ற பெயர் முதலிலிருந்தே தப்பு. ஆனால் விளையாடுகிறவனையே கதையின் பொய்க்குப் பங்காளி ஆக்கியதற்காக அதன் பெயர் முழுக்கத் தகும்.

2020-இலும் 2024-இலும் இதைப் புதிதாக எடுத்து இரண்டு பாகங்கள் வந்திருக்கின்றன. அட்டைப்பெட்டி இல்லை, அழகாக இருக்கிறது. ஆனால் பழையதில் சில மணி நேரத்தில் கடந்துபோகும் மிட்கார் நகரமே அங்கே ஒரு முழு கேம். கதையிலும் மாற்றங்கள் செய்திருக்கிறார்கள். என் யோசனை, முதலில் பழையது. முதல் சிடி முடியும்வரை பொறுத்துப் பார். அப்போதும் மனம் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடு, உன் மேல் தப்பில்லை. ஒட்டிவிட்டால் இரண்டாவது சிடியை நிறுத்தாதே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒன்று. படிப்பு நேரத்தில் விளையாடினால் திட்டுங்கள், நானும் திட்டுகிறேன். ஆனால் ஒருநாள் பிள்ளை கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தால், "ஜெயிச்சியா?" என்று கேட்காதீர்கள். "கதைல என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். சொல்ல நிறைய வைத்திருப்பான்.

டீ குடிக்கப் போனவர்கள் இப்போது உள்ளே வரலாம்.