லாக்கப் வாசலில் நம் பிள்ளைகள்

(தோட்டக் கமிட்டிகளின் வட்டாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"குற்றமும் ஒழுக்கமும்" என்ற தலைப்பில் பேசச் சொல்லிக் கடிதம் வந்தது. ஒழுக்கத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன யோக்கியதை என்று நம் வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். (சிரிப்பு.) ஆகவே தலைப்பை ஒதுக்கிவிட்டு, இந்த மேசைமீது கிடக்கும் மனுவைப் பற்றியே பேசுகிறோம்.

மனுவைக் கமிட்டியார் ஏகமனதாக எழுதியிருக்கிறார்கள். ஒட்டுப்பால் மூட்டைகள் களவு போகின்றன. சம்பள நாளில் சாலை முனையில் நின்று பணம் பறிக்கிறார்கள். கோயில் திருவிழாவில் ஒரு பையனைப் பாராங்கத்தியால் வெட்டிவிட்டார்கள். ஆகையால் போலீசார் வந்து கும்பல்காரப் பையன்களை அள்ளிக்கொண்டு போகவேண்டும். இதுதான் மனுவின் சாரம். விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் மரம் சீவிச் சேர்த்த பாலைத் திருடுகிறவன் யார் பெற்ற பிள்ளையானாலும் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கிறவன்தான். அதைச் சொல்ல நமக்குக் கூச்சமில்லை. ஆனால் "அள்ளிக்கொண்டு போகவேண்டும்" என்ற வரிக்கு வந்ததும் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறோம்.

இந்த நாட்டில் அள்ளிக்கொண்டு போன கதை நமக்குப் புதிதல்ல. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். எங்கள் பெண்களிடம் தோட்டச் சிப்பந்திகள் முறைகேடாக நடப்பதை நிறுத்து என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வை, கள்ளுக்கடையை மூடு, துரை எதிரே வரும்போது சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்றார்கள். அந்தப் போராட்டத்தில் முன்நின்ற பத்திரிகையாளர் ஆர். எச். நாதனை அவ்வாண்டு மே மாதம் கைது செய்து நாடு கடத்தினார்கள். அவரை விடுதலை செய்யக் கோரித் திரண்டவர்கள்மீது பட்டாளம் சுட்டது. தொழிலாளர் சிலர் மாண்டனர். சர்க்கார் தஸ்தாவேஜுகளில் அது கலகம் என்றே பதிவாயிற்று. கள்ளுக்கடையை மூடு என்று கேட்டவன் கலகக்காரன். கடையைத் திறந்து வைத்திருந்தவன் சட்டத்தைக் காப்பவன்!

பிறகு 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. அரிசிக்கு அளவு. இருட்டியதும் ஊரடங்கு. அடையாளக் கார்டு என்ற ஒன்று நம் கைக்கு வந்ததும் அந்த ஆண்டில்தான். வேலிக்குள் இருந்தவனுக்குக் காட்டிலிருந்து வருகிறவனிடமும் பயம், வாசலில் நிற்கும் சிப்பாயிடமும் பயம். 1960 ஜூலையில் அவசரகாலம் முடிந்ததாக அறிவித்தார்கள். ஆனால் விசாரணையில்லாமல் பிடித்துவைக்கும் பழக்கம் அத்தோடு முடியவில்லை. 1959இல் குற்றத் தடுப்புச் சட்டம், 1960இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், 1969இல் அவசரகாலக் கட்டளைச் சட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியாகச் சொன்ன அந்தக் கட்டளைச் சட்டத்தில்தான் கும்பல்காரர்கள் என்ற பெயரில் நம் பையன்கள் பலர் ஜொகூரில் உள்ள சிம்பாங் ரெங்காம் முகாமுக்குப் போனார்கள். குற்றப்பத்திரிகை கிடையாது, சாட்சி கிடையாது. போய் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு வா என்பதுதான். அது 2012இல் காலாவதியானது. உடனே 2013இல் பழைய குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, முதலில் 21 நாள், பிறகு 38 நாள், அதன்பின் ஒரு வாரியத்தின் உத்தரவில் இரண்டு ஆண்டு என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். பழைய வாளி போய்விட்டது, புது வாளியில் அதே பால்.

இதையெல்லாம் சொல்லிப் போலீசாரைமட்டும் குறைகூறிவிட்டு உட்கார்ந்துவிட நமக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்கவேண்டும்.

லயத்தில் இருந்த காலத்தில் குடிச்சண்டை இருந்தது, கோழித்திருட்டு இருந்தது, வெட்டுக்குத்தும் உண்டு. ஆனால் யார் பையன் எங்கே நிற்கிறான் என்று பெரட்டுக்களத்தில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். கோயில் தலைவர் கூப்பிட்டு ஒரு அதட்டல் போட்டால் பாதி சங்கதி அங்கேயே தீர்ந்துவிடும். அது பொற்காலம் என்று சொல்லவரவில்லை. அதே லயத்தில் தண்டல் அடித்த அடியும் உண்டு, வெளியே சொல்லமுடியாமல் அழுத பெண்களும் உண்டு. இருந்தாலும் பிள்ளையைக் கவனிக்க ஊர் என்று ஒன்று இருந்தது.

தோட்டங்கள் விற்கப்பட்டபோது அந்த ஊரும் சேர்ந்து விலைபோயிற்று. இன்று நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா நிற்கும் நிலத்தில் பிராங் பெசார் தோட்டம் இருந்தது. அந்தத் தோட்டத்திலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கிளப்பப்பட்டவர்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். சுவர் விரிசல் கண்ட அந்த வீடுகளிலிருந்துகொண்டு, வாக்களித்த தரைவீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். வேறு பலர் புறம்போக்கில் பலகை வீடு கட்டினார்கள். 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் ஆறு உயிர் போனதே, அந்த வட்டாரத்து நெருக்கடியில் முட்டிமோதி வாழ்ந்தவர்களிலும் நம் தோட்டத்து ஜனங்கள் உண்டு. தோட்டம் கைமாறிய நாட்களில் சங்கத்தார் என்ன செய்தோம்? பணிநீக்க நட்டஈடு எத்தனை மாதச் சம்பளம் என்று கணக்குப் பார்த்தோம். அது வேண்டிய கணக்குத்தான். ஆனால் பதினைந்து வயதுப் பையன் சாயங்காலம் எங்கே போய் உட்காருவான் என்ற கணக்கை எந்தக் கமிட்டியும் போடவில்லை. பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று 1960இல் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது இருந்த வேகம் பிறகு நம்மிடம் இல்லை.

நாம் போடாத கணக்கை வேறொருவன் போட்டான். அதற்கு நம் கண் முன்னே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஊர் பேர் வேண்டாம்.

தோட்டம் மூடியபின் தாமானுக்குக் குடிபோன ஒரு அம்மா, முப்பது வருடம் பால்வாளி தூக்கியவர், ஓர் இரவு பதினோரு மணிக்கு நம் வீட்டுக் கதவைத் தட்டினார். மோட்டார் சைக்கிள் திருட்டு என்று மகனைப் பிடித்துப்போய்விட்டார்கள் என்றார். கூடப் போனோம். ஸ்டேஷன் மேசையில் இருந்தவர், நாளைக்கு வாருங்கள் என்றார். நாமும் "சரி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். வந்து அந்தத் தாயிடம் என்ன சொன்னோம் தெரியுமா? "விடுங்கம்மா, இரண்டு நாள் உள்ளே இருந்தால் புத்தி வரும்." இதை நாம்தான் சொன்னோம். இருபது ஆண்டு சங்கத்தில் இருந்த வாய் சொன்னது.

மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் அவனை நிறுத்தியபோது அவன் பக்கத்தில் ஒருவரும் இல்லை. ரிமாண்டு கிடைத்தது. நான்காம் நாள் வெளியே வந்தான். குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. இடது காது கேட்கவில்லை. என்னடா ஆயிற்று என்றால் வழுக்கி விழுந்தேன் என்றான். நாமும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் ரிப்போர்ட் எழுதவேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அலையவேண்டும்.

கேட்டவர்கள் வேறு. ஓர் எண்ணைப் பச்சைகுத்திக்கொண்ட ஆட்கள் வந்தார்கள். டாக்டர் செலவைக் கொடுத்தார்கள். அடுத்த தடவை பிடித்தால் வக்கீல் வரும் என்றார்கள்; சொன்னபடியே வந்தது. அவன் தகப்பன் இறந்தபோது பந்தல்போட்டு, சவ ஊர்வலத்துக்கு முந்நூறு மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சங்கத்திலிருந்து ஒரு மாலை போயிற்று. இப்போது சொல்லுங்கள், அந்தப் பையன் எந்தச் சங்கத்தில் அங்கத்தினராவான்?

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயரைச் சட்டவிரோதம் என்று வெளியிட்டது. அவற்றில் பல எண்கள் நம் தாமான் சுவர்களில் சாயத்தில் எழுதியிருக்கும் எண்கள்தான். பட்டியல் போட்டுவிட்டால் கும்பல் கலைந்துவிடும் என்றால், நாமும் இன்று மனு கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

லாக்கப்பில் சாவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டு மக்களில் நாம் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பேர். லாக்கப்பில் செத்தவர்களில் நம் பங்கு அந்த ஏழுக்குள் அடங்கவில்லை. சாகிறவர்களில் மலாய்க்காரரும் சீனரும் உண்டு. அந்தத் தாய்மாரும் நம் தாய்மாரைப் போலத்தான் சவக்கிடங்கு வாசலில் நிற்கிறார்கள். 2004இல் முன்னாள் தலைமை நீதிபதி முகமது ஜைடின் தலைமையில் அரச விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். அது 2005இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. போலீசார் வசிக்கும் வீடும் வாங்கும் சம்பளமும் திருந்தவேண்டும் என்றும் அதில் உண்டு. அது நியாயம், இரவெல்லாம் கண்விழிக்கும் கான்ஸ்டபிளும் சம்பளக்காரன்தான். போலீசார்மீது வரும் புகாரை விசாரிக்கச் சுதந்திரமான ஒரு கமிஷன் வேண்டும் என்றும் உண்டு. அந்தப் பரிந்துரை அடுப்பில் போட்ட ஈரவிறகுபோல் புகைந்துகொண்டே இருந்து, பற்கள் பல பிடுங்கப்பட்டு, 2022இல் சட்டமாகி, 2023 ஜூலையில் நடப்புக்கு வந்தது. பதினெட்டு வருடம்!

எனவே சட்டம் இன்று நமக்குக் கொடுத்திருப்பதையாவது தெரிந்துகொள்வோம். கிராணிமார்கள் குறித்துக்கொள்ளட்டும். பிடித்த காரணத்தைப் பிடிபட்டவனிடம் சொல்லியாகவேண்டும். இது அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது விதி. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். அதுவும் அங்கேயே இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவுப்படி, விசாரிக்கத் தொடங்குமுன் உறவினருக்கோ நண்பருக்கோ தான் இருக்கும் இடத்தைச் சொல்லவும், வக்கீலோடு பேசவும் அவனுக்கு உரிமை உண்டு. மறுக்கவேண்டுமானால் டி.எஸ்.பி. தரத்துக்குக் குறையாத அதிகாரி அனுமதித்து, காரணத்தைப் பதிவுசெய்யவேண்டும். மேசையில் இருப்பவர் வாயால் சொல்லும் "நாளைக்கு வா" அந்த அனுமதி ஆகாது. பதினான்கு வருடத்துக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றமானால் முதல் ரிமாண்டு நான்கு நாளுக்கு மேல் போகாது, இரண்டாவது மூன்று நாள். பெரிய குற்றமானால் ஏழும் ஏழும். ரிமாண்டு நேரத்தில் இலவசமாக நிற்பதற்கென்றே தேசிய சட்ட உதவி அறநிறுவனத்தின் வக்கீல்கள் 2012 முதல் இருக்கிறார்கள். கூப்பிட ஆள் வேண்டும், அவ்வளவுதான். அடிபட்டால் எந்த ஸ்டேஷனிலும் ரிப்போர்ட் கொடுக்கலாம். அடித்த இடத்துக்கே திரும்பப் போகவேண்டியதில்லை. உயிர் போய்விட்டால் மரண விசாரணை நடத்தியாகவேண்டும் என்று 334ஆம் பிரிவு சொல்கிறது. குடும்பத்தார் அழுதுவிட்டுச் சீக்கிரம் எரித்துவிட அவசரப்படக்கூடாது. இதைச் சொல்ல நமக்கே நாக்குக் கூசுகிறது. ஆனால் சொல்லாமல் இருந்ததால்தான் பல உண்மைகள் சாம்பலாயின.

இது திருடனுக்கு வக்காலத்து என்று யாராவது முணுமுணுக்கலாம். திருடியிருந்தால் கோர்ட்டில் நிரூபித்து ஜெயிலில் போடட்டும், நாமே போய்ச் சாட்சி சொல்வோம். ஒட்டுப்பால் மூட்டை யார் வண்டியில் ஏறியது, எந்தக் கடைக்காரன் வாங்கினான் என்று நம்மில் சிலருக்குத் தெரியும். தெரிந்தும் பயத்தில் வாய்மூடி இருக்கிறோம். வாங்குகிறவன் பெயர் இந்த மனுவில் இல்லையே, ஏன்? பையன்களை அள்ளச் சொல்வது சுலபம். கடைக்காரனுக்கு நாமே கடன்பட்டிருக்கிறோம்.

ஆகவே மனுவில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, "திருட்டையும் திருட்டுப் பால் வாங்குவோரையும் விசாரித்துச் சட்டப்படி கோர்ட்டில் நிறுத்தவேண்டும்" என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம். எழுதினால் முதல் கையெழுத்து நம்முடையது. இரண்டாவதாக, ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிட்டால் ஸ்டேஷனுக்கு வரக்கூடிய இரண்டு பேர் ஒவ்வொரு கமிட்டியிலிருந்தும் வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. மலாய் தெரிந்திருக்கவேண்டும், மேசைக்கு முன்னால் "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பாதவராக இருக்கவேண்டும். நம் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அன்று திரும்பிவந்த கடன் நமக்கு இருக்கிறது. தேநீர் கொடுக்குமுன் காகிதம் சுற்றிவரும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிராணித் தோழரிடம் பேனா இருக்கிறது.