மூப்பும் பார்வையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் மொழியைப் பற்றியும் கலையைப் பற்றியும் கேட்டே நாம் பழகியிருக்கிறோம். இன்று கண்ணைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். இது இவ்வவைக்குப் புறம்பான பொருள் என்று நான் கருதவில்லை. பிழைப்பை நாடிப் புனே நகருக்கு வந்த நம்மில் பலர், ஊரில் தனித்திருந்த தாய் தந்தையரை முதுமையில் இங்கே அழைத்துக் கொண்டோம். அவர்கள் மராத்தி அறியார். பேச்சுத் துணைக்குத் திண்ணையும் தெருவும் இங்கே இல்லை. தமிழ் நாளிதழும், சங்க நூலகத்துப் புத்தகமும், பேரக் குழந்தைகளின் முகமுமே அவர்களுக்குத் துணை. இம்மூன்றையும் அடையும் வழி கண் ஒன்றே. அந்தக் கண் மங்கும்போது, "வயதாகிவிட்டது, மங்கத்தான் செய்யும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். அவ்வாக்கியம் பாதி உண்மை. மறுபாதியோ பலருடைய பார்வையைப் பறித்துவிடுகிறது.

உண்மையான பாதியை முதலில் காண்போம். நம் கண்ணின் பாவைக்குப் பின்னே பளிங்கு போன்ற வில்லை ஒன்று அமைந்திருக்கிறது. அண்மையில் உள்ளதைப் பார்க்கும்போது அது குவிந்து தடிக்கிறது. தொலைவில் பார்க்கும்போது தட்டையாகிறது. ஆண்டுகள் ஏற ஏற, இவ்வில்லையின் நெகிழ்ச்சி குறைகிறது. பத்து வயதுச் சிறுவன் ஏறத்தாழ 7 செண்டிமீட்டர் தொலைவில் உள்ள எழுத்தையும் தெளிவாகக் காண்பான். நாற்பது வயதில் அது 20 செண்டிமீட்டருக்கு மேல் விலகிவிடுகிறது. அதன்பின் சில ஆண்டுகளில், நாளிதழைக் கைநீளத்துக்கு அப்பால் நீட்டிப் பிடிக்கிறோம்.

இதை நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். சாளேசுரம் என்றும் வழங்கினர். நம் மராத்திய அண்டை வீட்டார் இதையே 'சாளிஷி' என்கின்றனர். 'சாளீஸ்' என்றால் அவர்கள் மொழியில் நாற்பது. இஃது நோயன்று. கண்ணாடி அணிந்தால் கண் மேலும் கெடும் என்று சிலர் அஞ்சுவதற்கு ஆதாரம் இல்லை. அணிந்தாலும் அணியாவிட்டாலும் வில்லை தன் போக்கில் இறுகியே தீரும். அறுபது வயதை ஒட்டி இம்மாறுதல் பெரும்பாலும் நின்றுவிடும்.

வேறு சில மாறுதல்களும் இயல்பானவையே. முதுமையில் பாவை சுருங்குகிறது. வில்லை மஞ்சள் நிறம் பெறுகிறது. இவற்றால் இருபது வயது இளைஞனின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதுடையவரின் விழித்திரையை அடைகிறது. நமக்குப் போதுமான விளக்கு நம் தந்தையாருக்குப் போதாது. கருநீலப் புடவையைக் கறுப்பு என்று பாட்டி சொன்னால் நகைக்க வேண்டாம். மஞ்சளேறிய வில்லை நீலத்தை மங்கச் செய்கிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் கண் பழகுவதற்கு அவர்களுக்கு நெடுநேரம் ஆகும். மாடிப்படியில் அவர்கள் தயங்கி நிற்பது இதனாலேயே.

இனி மறுபாதிக்கு வருவோம். மூப்பு என்ற போர்வைக்குள் சில நோய்கள் ஒளிந்து வருகின்றன. அவற்றுள் முதலாவது கண்புரை. 2015 முதல் 2019 வரை நம் நாட்டில் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், ஐம்பது வயதைக் கடந்தோரிடையே காணப்பட்ட பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கண்புரையால் நேர்ந்தது என்று தெரியவந்தது. இதில் ஒரு மாயமும் உண்டு. சிலவகைப் புரை முற்றும்போது, அதுவரை கண்ணாடியின்றிப் படிக்க இயலாத முதியவர் திடீரெனக் கண்ணாடியில்லாமலே படிப்பார். "கண் தெளிந்துவிட்டது" என்று வீட்டார் மகிழ்வர். உண்மையில் அது புரை வளர்வதன் அறிகுறி.

கண்புரை மீட்கக்கூடியது. இரண்டாவதாகிய கண்ணழுத்த நோயோ அத்தகையதன்று. பெரும்பாலும் அது வலியின்றி வரும். முதலில் பக்கப் பார்வையைச் சிறிது சிறிதாக அரிக்கும். நேர்ப்பார்வை நன்றாகவே இருக்கும். ஆதலின் நோயாளி உணர்வதற்குள் பார்வை நரம்பு பெரிதும் அழிந்திருக்கும். இழந்ததை எந்த மருத்துவராலும் திருப்பித்தர இயலாது. எஞ்சியதை மட்டும் காக்கலாம். பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் மக்களும் உடன்பிறந்தோரும் சோதித்துக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நீரிழிவினால் விழித்திரையில் நேரும் கேடு. நீரிழிவு உள்ளவர், பார்வை நன்றாக இருந்தாலும், ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டுதல் வேண்டும். நான்காவது, விழித்திரையின் நடுப்பகுதி தேய்வது. இதை ஓரளவு வீட்டிலேயே கண்டறியலாம். கட்டமிட்ட மாத நாட்காட்டியை, படிக்கும் கண்ணாடியை அணிந்தபடி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் செய்யுங்கள். நேர்க்கோடுகள் வளைந்தோ நடுவில் மறைந்தோ தோன்றினால் காலம் தாழ்த்தலாகாது. கண்முன் திடீரென மின்னல் வெட்டுவதுபோல் தோன்றினாலும், கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலும் அன்றைக்கே மருத்துவரை நாட வேண்டும்.

அன்பர்களே! கண் மருத்துவத்தில் மராட்டியருக்கும் தமிழருக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தைப் போற்றி வளர்த்தார். அங்கு வந்த கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும், அவர்தம் கண்களை வரைந்த ஓவியங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டுள்ளன. அக்காலத்தில் புரையுற்ற வில்லையை அகற்றினால், அதன் இடத்தில் வைக்க ஏதும் இல்லை. 1949-இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுள் பொருத்தினார். போரில் விமானிகளின் கண்ணில் தைத்த பிளாஸ்டிக் துண்டுகளைக் கண் வெறுக்காமல் ஏற்றுக் கொண்டதே அவருக்கு வழிகாட்டியது.

அவ்வில்லை நெடுங்காலம் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. அதை எட்டச் செய்தோருள் தமிழர் முன்னணியில் நின்றனர். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அவ்விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகியவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல், தமது 58-ஆம் வயதில், 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் அந்நிறுவனத்தின் ஆரோலேப் குறைந்த விலையில் வில்லைகளைச் செய்யத் தொடங்கியது. ஓய்வுக்குப் பிறகு தொடங்கிய பணியால் எத்தனையோ முதியோர் மீண்டும் ஒளி பெற்றனர். மூப்பு என்பது முடிவன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆனால் மருத்துவமனை எத்துணைச் சிறந்ததாயினும், வீட்டிலிருந்து ஒருவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்றாலன்றி முதியவர் அதன் வாயிலை அடையார். அவர்கள் தாமாகச் சொல்லவும் மாட்டார்கள். பிள்ளைக்குச் செலவு, மருமகளுக்குத் தொல்லை என்று எண்ணி, "முன்போல் படிக்கப் பிடிக்கவில்லை" என்பார்கள். அச்சொல்லை அப்படியே நம்பிவிடலாகாது. படித்தவர் படிப்பதை நிறுத்தினால், அரிசியில் கல் தங்கினால், மாலையில் வெளியே செல்ல மறுத்தால், மருந்துச் சீசாவை மாற்றி எடுத்தால், கண்ணைச் சந்தேகியுங்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஊரிலிருந்து பெற்றோர் வந்து சேர்ந்த முதல் மாதத்திலேயே அவர்கள் கண்ணைச் சோதிக்கச் செய்யுங்கள். பின் ஆண்டுதோறும் அதைத் தொடருங்கள். புனேயில் கண் மருத்துவத்திற்குக் குறைவில்லை. சசூன் பொது மருத்துவமனையும் உண்டு. ஹடப்ஸரில் தேசாய் கண் மருத்துவமனையும் உண்டு. குறை மொழியில்தான். மருத்துவர் மராத்தியிலும் இந்தியிலும் கேட்க, நம் பாட்டி தமிழில் விழிக்கிறார். மராத்தி நன்கறிந்த இளைஞர்கள் நம் காலனியில் பலர் இருக்கின்றனர். அவர்களுள் சிலர், மகனுக்கு விடுப்புக் கிடைக்காத நாளில், ஒரு முதியவருடன் சென்று மொழிபெயர்த்து உதவ முன்வருவாராயின், அது இச்சங்கம் செய்யும் தலையாய தமிழ்த்தொண்டாகும். நமக்கு முதல் எழுத்தைக் காட்டியவர்கள் அவர்கள். அவர்கள் இறுதிவரை எழுத்தைக் காண நாம் துணை நிற்போம்.