அழுகிறவர் யார், அழ வைக்கிறவர் யார்?



ஒரு சிறுகடன் குழுவை நினைத்துப் பாருங்கள். பத்துப் பெண்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். ஒருத்தி மூன்று மாதமாகத் தவணை கட்டவில்லை. கேட்டால் அழுகிறாள். "எல்லாரும் சேர்ந்து என்னைச் சாகடிக்கப் பார்க்கிறீர்கள்" என்கிறாள். கடைசியில் கேட்டவளே மன்னிப்புக் கேட்கிறாள். தவணைப் பேச்சு மறைந்துவிடுகிறது.

இதைத்தான் நம் ஊரில் நீலிக் கண்ணீர் என்பார்கள். ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற அமெரிக்க மனவியல் அறிஞர் 1997-இல் இதைப் பற்றி எழுதினார். முதலில் மறுப்பது, அடுத்து கேட்டவரைத் தாக்குவது, பிறகு தானே பாதிக்கப்பட்டவர் என்பது. இதுதான் வழி.

ஆனால் அவசரப்படாதீர்கள். அழுகிறவர் எல்லாரும் நடிப்பவர் அல்ல. 2010-இல் ஆந்திரப் பிரதேசத்தில் நடந்தது தெரியுமா? அப்போது ஐதராபாத் அதன் தலைநகர். பல பெண்கள் ஒரே நேரத்தில் மூன்று நான்கு நிறுவனங்களில் கடன் வாங்கியிருந்தார்கள். வாராவாரம் தவணை. கட்ட முடியாதவளைச் சொந்தக் குழுவே நெருக்கியது. தற்கொலைச் செய்திகள் வந்தன. அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் போட்டது. மிரட்டி வசூலிக்கக் கூடாது என்றது.

எப்படிக் கண்டுபிடிப்பது? உண்மையாகக் கஷ்டப்படுகிறவர், "இந்த மாதம் ஐம்பது ரூபாய்தான் முடியும்" என்பார். நடிப்பவர் கணக்குப் பேச்சையே வர விடமாட்டார். வெட்கத்தால் கணக்கை மறைப்பவரும் உண்டு. ஆகவே ஒரே நாளில் முடிவு கட்டாதீர்கள்.

கூட்டத்தில் நோட்டைத் திறந்து வையுங்கள். தேதியையும் தொகையையும் எழுதி, உரக்கப் படியுங்கள். எழுதக் கற்றோமே, அது இதற்கும்தான். அவர் குணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். "அக்கா, உங்கள் கஷ்டம் புரிகிறது. எந்தத் தேதியில் எவ்வளவு கட்டுவீர்கள்?" இதை மட்டும் கேளுங்கள். பேச்சு எங்கே போனாலும் மறுபடி இதையே கேளுங்கள்.

வீட்டிலும் இது உண்டு. கூலியைப் பிடுங்கி, அடித்துவிட்டு, "நீதான் எனக்குக் கோபம் வரவைத்தாய்" என்று அழுகிற கணவன். இங்கே நோட்டு போதாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. அடி மட்டுமல்ல, சொல்லால் வதைப்பதும் பணத்தைப் பறிப்பதும் அதில் வன்முறைதான். 181-க்குப் போன் செய்யலாம். ஐதராபாத்தில் 2016 முதல் பரோசா மையம் இருக்கிறது. தெலுங்கு சரளமாக வராவிட்டால், தெரிந்த அக்கா ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.