ஊசியின் விலையும் சிகிச்சையின் செலவும்

கொழும்பிலிருந்து களனிப் பள்ளத்தாக்கு வழியாகச் சென்ற சிறு புகைவண்டிப் பாதை, ஒரு காலத்தில் ஓப்பநாயக்கவில் முடிவுற்றது. 1976இல் அவ்வூருக்கான சேவை நின்றது. இன்று அங்குள்ள தோட்டத் தொழிலாளி ஒருவர் விசேட வைத்தியரைக் காண இரத்தினபுரிக்குச் செல்வதாயின் பஸ் ஏற வேண்டும். அன்றைய சம்பளத்தையும் இழக்க வேண்டும். ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஓமோன் குறைந்தவிடத்து அளிக்கப்படும் சிகிச்சையின் செலவைக் கணக்கிடுவோர், இதனையே முதற்கண் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

இக்குறைபாடு நாணத்தக்கதொன்றன்று. வயது வந்தபின் காணும் கூகைக்கட்டு விதைகளைத் தாக்குவதாலோ, கபச்சுரப்பி பழுதுறுவதாலோ, பிறவியமைப்பாலோ இது உண்டாகலாம். கவனியாது விட்டால் எலும்பு மெலியும், இரத்தம் குன்றும், உடல் தளரும். உடலுழைப்பையே நம்பி வாழ்பவருக்கு இது பிழைப்பின் கேடன்றோ?

1935இல் ஆம்ஸ்டர்டாம் நகர அறிஞர், 100 கிலோகிராம் காளை விதைகளிலிருந்து 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோனையே பெற்றனர். அதே ஆண்டில் பூட்டனான்ட்டும் ருசிக்காவும் கொலஸ்டரோலிலிருந்து அதனைச் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டனர். ஆகவே, பொருள் இன்று அரியதன்று. ஆயினும், நிலையான குறைபாடுடையவருக்கு மருந்து பெரும்பாலும் ஆயுள் முழுவதும் வேண்டும். செலவு பெருகுவது அதனாலேயே.

பழைய வகை ஊசியை இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை ஏற்றினால், ஆண்டொன்றுக்கு 17 முதல் 26 ஊசிகள் ஆகும். நீண்ட காலம் நிலைக்கும் புதிய வகையோ 10 முதல் 14 வாரங்களுக்கு ஒரு முறை ஏற்றப்படுவது. ஆண்டுக்கு 4 அல்லது 5 போதும். ஓர் ஊசியின் விலையை மட்டும் ஒப்பிடுதல் தகாது. பஸ் கட்டணம், இழந்த சம்பளம், இரத்தப் பரிசோதனை யாவற்றையும் கூட்ட வேண்டும். பழைய ஊசியை அருகிலுள்ள வைத்தியசாலையில் ஏற்றிக்கொள்ள இயலுமாயின், அதுவே மலிவாகலாம்.

வணிகப் பெயரும் விலையை ஏற்றும். 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவரான பேராசிரியர் சேனக்க பிபிலே, மருந்தை அதன் பொதுப்பெயரால் எழுத வேண்டுமென வற்புறுத்தினார். அவர் 1977இல் மறைந்தார். அவர் காட்டிய வழி ஏழையின் பணப்பைக்கு இன்றும் காவலாகும்.

எனினும், தேவையற்ற மருந்து எவ்விலைக்கும் மலிவன்று. களைப்புக்கெல்லாம் இவ்வூசி பரிகாரமாகாது. வெவ்வேறு நாட்களில் காலை வேளையில் இரு முறையேனும் இரத்தம் சோதித்தே குறைபாட்டை உறுதி செய்தல் முறை. குழந்தைப் பேற்றை விரும்புவோர் அதனை வைத்தியரிடம் முன்னரே கூற வேண்டும். ஏனெனில் இச்சிகிச்சை விந்தணு உற்பத்தியைக் குறைக்கும்.

எனவே, வைத்தியரிடம் கேட்க வேண்டியவை மூன்று: இம்மருந்து உண்மையில் தேவையா? இதன் பொதுப்பெயர் யாது? ஊருக்கு அருகில் இதனை ஏற்றிக்கொள்ள இயலுமா? இவற்றைக் கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. கூச்சம் நீங்கினால் போதும்.