காதுக்கு எட்டாத கம்பி



பத்தமடை என்றதும் உங்களுக்குப் பாய்தான் நினைவுக்கு வரும். வரட்டும். அந்தப் பாய்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிற ஒரு கிட்டங்கியில்தான் நாங்கள் ராக் வாசிக்கிறோம். நாங்கள் என்றால் நாலு பேர். ஒருவர் பாடுவார், ஒருவர் கிட்டார், ஒரு தம்பி டிரம்ஸ், நான் பேஸ் கிட்டார். குழுவின் பெயரை இங்கே சொல்லவில்லை. சொன்னால் விளம்பரக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆள் சேர்ப்பது, பயிற்சி, பாட்டுக் கட்டுவது, மேடை ஏறுவது என்று நாலு விஷயம் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் பேஸ் கிட்டார்காரனைப் பேச விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. மேடையில் எங்களிடம் யாரும் மைக்கைக் கொடுப்பதில்லை. இன்றைக்கு வானொலியில் கிடைத்திருக்கிறது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். டீக்கடையில் அண்ணாச்சிமார் கேட்பார்கள், "ராக்குன்னா என்னடே, சத்தமா வாசிக்கதா?" என்று. சத்தம் உண்டுதான். மின்சாரக் கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல், இவ்வளவுதான் சாமான். இதில் ஒரு குழு தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, படத்துக்காகவோ கம்பெனிக்காகவோ இல்லாமல் வாசித்தால் அதைச் சுயாதீன இசை என்கிறார்கள். சென்னையில் இது புதிதல்ல. 'ரோஜா' வந்த 1992க்கு முன்பே ஏ.ஆர். ரஹ்மான் அங்கே 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் வாசித்தவர். நம் ஊருக்குத்தான் இது வந்து சேரக் கொஞ்சம் நாள் ஆயிற்று.

ஆள் எங்கிருந்து கிடைத்தார்கள் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிரம்ஸ் தம்பி கோயில் பாடகர் குழுவில் வாசித்துப் பழகியவன். கோயில் என்று நான் சொல்வது கிறிஸ்தவக் கோயிலை. நெல்லைச் சீமையில் கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் பழகிய பிள்ளைகளில் பலர் அப்படி வந்தவர்கள்தான். கிட்டார்காரர் மெல்லிசைக் குழுவில் இருந்தவர். பாடுகிறவருடைய அப்பா நையாண்டி மேளத்தில் தவில். என்னிடம் பேஸ் வந்தது, அதை எடுக்க வேறு யாரும் இல்லாததால். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. 1961இல் பீட்டில்ஸ் குழுவின் பேஸ் கிட்டார்காரர் ஓவியம் படிக்கப் போய்விட்டபோது, மற்றவர்கள் விரும்பாத அந்தக் கிட்டார்தான் பால் மெக்கார்ட்னி கைக்கு வந்தது.

சரி, இனி பேஸ். நாலு கம்பி. ஆள் உயரத்துக்கு நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய பேஸ் வயலினைத் தூக்கிச் சுமக்க முடியாமல் திண்டாடியவர்களுக்காக, அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் இதைத் தோளில் மாட்டுகிற அளவுக்குச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் கட்டம் கட்டமாகக் கம்பி பதித்து வைத்ததால் சுரம் பிசகாது.

இருக்கிற கம்பிகளில் தடித்த கம்பியைத் தட்டினால் நொடிக்கு 41 தடவை அதிரும். நேயர்களே, இப்போது ஒரு ரகசியம். உங்கள் கையில் இருக்கிற சின்ன டிரான்சிஸ்டரால் அந்த 41ஐ வெளியே விடவே முடியாது. உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் அதற்குப் போதாது. ஆனாலும் பேஸ் கேட்கிறதே, எப்படி? ஒரு கம்பி அதிரும்போது 41 மட்டும் வருவதில்லை. அதன் இரண்டு மடங்கு 82, மூன்று மடங்கு 123 என்று மேலே மேலே சேர்ந்து வரும். அந்த மேல் ஒலிகளைக் கேட்டதுமே மூளை கணக்குப் போட்டு, வராத 41ஐத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஆக, வானொலியில் என் கிட்டாரின் அடிச் சத்தத்தை வாசிப்பது நீங்கள்தான், நான் இல்லை.

இந்த உரைக்குப் பிறகு எப்போதாவது ஓர் எண்பதுகளின் இளையராஜா பாட்டு வந்தால், குரலை விட்டுவிட்டு அதற்குக் கீழே காதைக் கொடுங்கள். 1980இல் வந்த 'மூடுபனி' படத்தில் யேசுதாஸ் பாடுகிற அந்தக் கிட்டார் பாட்டு உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்து ராஜா பாட்டுகள் பலவற்றில் பேஸ் தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டு போகும். அவருக்குப் பல ஆண்டு பேஸ் வாசித்தவர் சசிதரன். அம்பாசமுத்திரத்துக்குப் போகிற பஸ்ஸில் டேப்பில் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். பஸ் இஞ்சின் சத்தத்தையும் மீறிக் காதில் விழுந்தது சசிதரன் விரல்தான்.

கிட்டங்கிக்கு வருகிறேன். அந்த 41 அதிர்வின் ஓர் அலை, நீளத்தில் கிட்டத்தட்ட 27 அடி. எங்கள் கிட்டங்கியின் அகலமோ 14 அடி, அதாவது அதில் ஏறக்குறைய பாதி. இதனால் என்ன ஆகும் தெரியுமா? சுவர் ஓரம் நின்றால் என் தடித்த கம்பி வயிற்றைக் கலக்கும். நடுவில் நின்றால் அது இருப்பதே தெரியாது. சுவரில் பட்டுத் திரும்புகிற அலையும் போகிற அலையும் நடுவில் வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பாடுகிறவர் நடுவில் நிற்பார். "அண்ணே, நீங்க வாசிக்கீங்களா இல்லயா?" என்பார். கிட்டார்காரர் சுவரில் சாய்ந்துகொண்டு, "ஏம் இந்தச் சத்தம், கொறைங்க!" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நான் வால்யூமைத் தொடாமல் ரெண்டு பேரையும் ரெண்டு அடி நகர்ந்து நிற்கச் சொல்வேன். சண்டை தீர்ந்துவிடும்.

சுற்றிலும் அடுக்கிய பாய்க்கட்டுகள் உதவாதா என்று கேட்பீர்கள். சிம்பலின் சலசலப்பை நன்றாகவே குடித்துவிடும். 27 அடி அலைக்குக் கோரைப் பாய் எந்த மூலைக்கு? ஆனால் பாயால் வேறு உபகாரம் உண்டு. டிரம்ஸில் காலால் மிதிக்கிற பெரிய டிரம், கிக் என்போம், அது மிதிக்க மிதிக்க முன்னால் நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். சிமெண்டுத் தரையில் முதலில் சாக்கு, அதன்மேல் கழிவில் கிடந்த முரட்டுப் பாய், அதன்மேல் டிரம்ஸ். பாய் மட்டும் போட்டால் பாயோடு சேர்ந்து நழுவும், சாக்குத்தான் பிடித்துக்கொள்ளும். கிட்டங்கி சாச்சா ஒன்றே ஒன்று சொன்னார். "பட்டுப் பாய் பக்கம் மட்டும் அந்த இரும்பக் கொண்டு போயிராதீய." அந்தக் கட்டு இருக்கிற மூலைக்கு நாங்கள் போவதே இல்லை.

இந்தக் கிக்கும் பேஸும் சேர்வதுதான் ராக்கில் எல்லாமும். பாட்டு, கிட்டார், தலைமுடி எல்லாம் அப்புறம். கிக் விழுகிற அதே கணத்தில் என் கம்பியும் பேச வேண்டும். கேட்கிறவர்களுக்கு அது ரெண்டு வாத்தியமாகவே தெரியக்கூடாது. அதைக்கூடக் கொஞ்ச நாளில் பழகிவிடலாம். கம்பியை எப்போது நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். ஒரு சுரத்தை நீள விட்டால் பாட்டு நடக்கும். வெடுக்கென்று உள்ளங்கையால் அமுக்கினால் பாட்டு குதிக்கும். மெட்டு அதேதான், வேகம் அதேதான். கேட்கிறவர்கள் கால் ஆட்டுவதா, தலை ஆட்டுவதா என்பதை அந்த அமுக்கல் தீர்மானிக்கும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்த வெளிநாட்டு ரிக்கார்டும் இல்லை. சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து பார்த்திருப்பீர்கள். அண்ணாவி பாட, பெண் வேடமிட்டவர்கள் ஆட, பின்னால் ரெண்டு மகுடம். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். ஆட்டத்துக்கு நடுவே தீ மூட்டி மகுடத்துக்குச் சூடு காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். பையனாக இருந்தபோது எல்லாரும் உச்சத்தைத்தான் பார்ப்போம். அதில்தானே விரல் பறக்கும். பேஸ் கைக்கு வந்த பிறகுதான் மந்தம் அடிக்கிறவரைப் பார்க்கத் தொடங்கினேன். அவர் நிறையச் சும்மா இருப்பார். அடித்துவிட்டுத் தோலின் மேல் கையை வைத்து அடக்குவார். உச்சம் எவ்வளவு தூரம் ஓடினாலும் திரும்பி வந்து விழுவது அவர் அடியில்தான். சாமியாடி துள்ளுவதும் அந்த அடியில்தான் என்பது என் கட்சி. வேறு கருத்து உள்ளவர்கள் நிலையத்துக்குக் கடிதம் எழுதலாம்.

அடுத்து கம்பி. பேஸ் கம்பி விலை கிட்டார் கம்பியைவிட அதிகம், நினைத்தபோது மாற்ற முடியாது. வாசிக்க வாசிக்க விரல் எண்ணெயும் அழுக்கும் ஏறி மொத்தைச் சத்தம் வரும். அப்போது கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, துடைத்துக் காயவைத்து மாட்டினால் கொஞ்ச நாளைக்குப் புதுக்கம்பி மாதிரிக் கணீரென்று இருக்கும். உலகம் பூராவும் பேஸ் வாசிக்கிறவர்கள் செய்கிற வேலைதான். எங்கள் வீட்டில் மட்டும் இதற்கு இட்லிக் கொப்பரை தரமாட்டேன் என்கிறார்கள்.

பாட்டுக் கட்டுவது பற்றி ஒரு கதை. பக்கத்து ஊர் ஒன்றில் வாசிக்கப் போயிருந்தோம். யார் வீட்டிலிருந்தோ ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுத்திருந்தார்கள், எர்த் இல்லை. ஸ்பீக்கர் பெட்டியை ஆன் செய்ததும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். நம் நாட்டுக் கரண்ட் நொடிக்கு 50 தடவை போய்த் திரும்பி வருவது. என் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டத்தை அமுக்கினால் வருவது 49. ரெண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு ஒரு தடவை சத்தம் எழும்பி எழும்பி அடங்கும். எல்லாரும் எர்த்துக்கு ஆளைத் தேடிக்கொண்டிருக்க, டிரம்ஸ் தம்பி அந்த எழும்பலுக்குக் கிக்கை மிதிக்கத் தொடங்கிவிட்டான். "அண்ணே, கரண்டே தாளம் போடுது, விட்றாதீய" என்றான். அந்த நடையில்தான், சேரன்மகாதேவியில் கடைசிப் பஸ்ஸை விட்டவனைப் பற்றிய எங்கள் பாட்டு பிறந்தது. இப்போது எர்த் ஒழுங்காக இருக்கிற இடத்தில் அந்தப் பாட்டை வாசித்தால் ஏதோ ஒன்று குறைகிறது.

பாட்டில் பேச்சு நம் ஊர்ப் பேச்சுத்தான். அந்தத் தைரியம் வந்தது திருவனந்தபுரத்திலிருந்து. சென்னையைவிட அது நமக்குப் பக்கம். அங்கே 2003இல் தொடங்கிய 'அவியல்' குழு 2008இல் தன் பெயரிலேயே ஓர் ஆல்பம் போட்டது, முழுக்க மலையாளத்தில். ராக் என்றால் இங்கிலீஷ் என்று நினைத்திருந்த எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அப்புறம் 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. பா. இரஞ்சித்தின் முயற்சி, இசைக்குப் பொறுப்பு டென்மா. கானா பாடுகிறவர்கள், பறை, சட்டி, கிட்டார், டிரம்ஸ் என்று 19 பேர். அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியில்லாத தமிழர்கள் என்பதிலிருந்து பெயர். பறையும் மின்சாரக் கிட்டாரும் ஒரே மேடையில் எப்படி நிற்கும் என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு நாங்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேடையைப் பற்றிப் பேசத்தான் நேரம் ஒதுக்கச் சொன்னார்கள், பாருங்கள், கடிகாரம் என்னைப் பார்க்கிறது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒரு கொடைக்கு வாசிக்கக் கேட்டுப் போனோம். வரிதாரர் ஒருவர் கேட்டார்:

"சொந்தப் பாட்டுன்னா, எந்தப் படத்துல வருது?"

"படத்துல வரல அண்ணாச்சி, நாங்களே கட்டினது."

"அப்போ படத்துல வந்த பொறவு வாங்க."

கடைசியில் மெல்லிசைக் குழு அண்ணன் ஒருவர்தான், அவருடைய ஆட்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் கால்மணி நேரம் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். கொடை என்றால் மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். குழாயில் பேஸ் வராது, தகரச் சத்தம்தான் வரும். மெல்லிசைக் குழுவின் பெட்டி மேடை ஓரமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. நையாண்டி மேளத்துத் தவில்காரர் ஒருவர் டீ கிளாஸோடு வந்து அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். இறங்கி வந்ததும் என்னிடம், "இது காதுல கேக்கல தம்பி, வயித்துல அடிக்குல்லா" என்றார். சன்மானம் எதுவும் அன்றைக்கு இல்லை. எனக்கு அது போதும், டிரம்ஸ் தம்பிக்குப் புரோட்டா வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆள் சேர்ப்பது, பயிற்சி பற்றியெல்லாம் விரிவாகச் சொல்ல நினைத்தது நின்றுவிட்டது. ஊரில் கிட்டார் பழகுகிற பிள்ளைகள் இருந்தால் ஒருவனையாவது பேஸ் பக்கம் திருப்பிவிடுங்கள், குழு தானாகச் சேரும். வருகிற ஆடிக் கொடைக்கு மைக் செட் சொல்லப் போகிற கமிட்டிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம்: குழாயோடு கூட அடிச் சத்தம் வருகிற பெரிய பெட்டி ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கச்சேரி நடுவில் கால்மணி நேரம் சொந்தப் பாட்டுக்கு ஒதுக்கினால் அந்தப் பெட்டி வாடகையை நாங்களே கொடுத்துவிடுகிறோம்.