கடைசிப் பக்கத்துப் பென்சில்

கிளை நூலகம் ஒன்றில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். திரும்பி வரும் புத்தகத்தை வாங்கினால் தேதிச் சீட்டைப் பார்ப்பேன். ஏதாவது பக்கம் கிழிந்திருக்கிறதா என்று கட்டை விரலால் ஒரு ஓட்டு ஓட்டுவேன். அந்த ஓட்டத்தில் கண்ணில் பட்டதுதான் இன்றைய பேச்சுக்கு விஷயம். கடைசிப் பக்கத்தில், 'முற்றும்' என்பதற்குக் கீழே, யாரோ பென்சிலால் எழுதியிருப்பார்கள்: "சூப்பர்." அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து: "சுத்த அறுவை." அதற்கும் கீழே நீல மையில் மூன்றாவது ஆள்: "நூலகப் புத்தகத்தில் எழுதாதீர்." எழுதாதீர் என்று அவரும் அதே புத்தகத்தில்தான் எழுதியிருக்கிறார்.

விதிப்படி ரப்பரை எடுத்து இதையெல்லாம் நான் அழிக்க வேண்டும். முதல் சில வருஷம் கண்ணை மூடிக்கொண்டு அழித்தேன். பிறகு படித்துவிட்டு அழித்தேன். அதற்கும் பிறகு, உள்ளதைச் சொல்கிறேன், நல்லதாக இருந்தால் விட்டுவிட்டேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று, இனி யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

எதை விட்டேன், எதை அழித்தேன்? 'சூப்பர்', 'அறுவை' இரண்டையும் தயங்காமல் அழித்தேன். 'விறுவிறுப்பு', 'கீழே வைக்க மனமில்லை', 'சிந்திக்க வைத்தது' இவையும் அப்படியே. எந்தப் புத்தகத்தின் பின்னால் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும் சொற்கள். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறவரிடம் "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் "பிரமாதம்" என்பார். கேட்டவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. "வத்தக்குழம்பு நல்லா இருந்துச்சு, ஆனா மூணாவது பந்தியில ரசத்துல தண்ணி ஊத்திட்டாங்க" என்று சொல்கிறவர்தான் உண்மையில் சாப்பிட்டவர்.

அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். தையல் கடை வைத்திருந்த ஓர் அக்கா வாரம் இரண்டு மாத நாவல் எடுத்துப் போவார். ஒரு நாள் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், இதுல அந்தப் பொண்ணு புருஷன்கிட்ட கோவிச்சுக்கிட்டு நாப்பது பக்கம் பேசாம இருக்கா. நம்ம வீட்ல நாலு மணி நேரம் பேசாம இருந்தா கேஸ் தீந்துபோச்சுன்னு யார்கிட்ட சொல்றது?" அந்த வகை நாவல்களைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சரியாகப் போய்க் குத்தியதில்லை. கதையில் கோபத்துக்கு இடமிருக்கிறது, கேஸ் சிலிண்டருக்கு இடமில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். அடுத்த வாரமும் அதே வகை நாவலைத்தான் எடுத்துப் போனார், அது வேறு விஷயம். குறை தெரிந்தே ஒரு புத்தகத்தை விரும்புவதும் வாசகருக்கு உள்ள உரிமைதானே?

சமையல் புத்தகங்களுக்கு வாய்க்கருத்தே தேவையில்லை. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. பல வீடுகளில் மகளுக்குச் சீராகவே கொடுத்து அனுப்பிய புத்தகம். இது போன்ற ஒரு புத்தகம் நூலகத்துக்குத் திரும்பி வந்தால் பக்கவாட்டில் பார்த்தாலே போதும். எண்ணெய்க் கறை ஏறியிருக்கும் பக்கம் பிடித்த பக்கம். வெள்ளை வெளேரென்று இருக்கும் பக்கத்தை யாரும் சீந்தவில்லை என்று அர்த்தம். ஒரு பழைய சமையல் புத்தகத்தில், ஆழாக்குக் கணக்குக்குப் பக்கத்தில் யாரோ ஓர் அம்மா கிராம் கணக்கைப் பென்சிலால் போட்டுவைத்து, ஓரத்தில் "உப்பு இவ்வளவு வேண்டாம்" என்று எழுதியிருந்தார். ஒரு தடவை சமைத்து, வீட்டார் முகம் கோணியதைப் பார்த்த பிறகு எழுதிய வரி அது. அதை எப்படி அழிப்பது?

தமிழில் ஒரு வாசகர் சொன்ன கருத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கும்பகோணத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1880, அக்டோபர் 21. உ.வே. சாமிநாதையருக்கு அப்போது 25 வயது. கல்லூரியில் தமிழாசிரியர் வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, புராணம் என்று ஐயர் தாம் கற்றதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இந்த நிகழ்ச்சியை ஐயரே 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார்.

முதலியார் தமிழாசிரியர் அல்லர். நீதிமன்ற வேலைக்கு நடுவே படித்த வாசகர். முகத்துக்கு நேரே கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினார். ஆனால் பேசிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சிந்தாமணிப் பிரதியைத் தேடிக் கொடுத்துப் பாடம் சொல்லச் சொன்னார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று ஐயர் பதிப்பித்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு முதலியார் மரியாதைக்கு "ஆகா, நிறையப் படித்திருக்கிறீர்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தால்? எனக்கு நினைக்கவே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

எழுத்தாளரே வாசகர் கருத்துக்கு வாய் திறந்து பதில் சொன்ன கதைகளும் உண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவல் 1950இலிருந்து 1954 வரை கல்கி வார இதழில் வந்தது. மூன்றரை வருஷம் கூடவே வந்த வாசகர்கள், கதை முடிந்ததும் விட்டுவிடுவார்களா? இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியும் அடங்கவில்லை. கதையில் வரும் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று எங்கள் நூலகத்துப் பத்திரிகை மேசையில் இரண்டு பெரியவர்கள் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற காவலர். தடயம், சாட்சி என்றே பேசுவார். மற்றவருக்கு நந்தினிமேல் இரக்கம். அந்த ஐந்து பாகத்தின் தேதிச் சீட்டுகளை வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றி ஒட்டினேன்.

இதைவிடப் பெரிய வழக்கு ஜெயகாந்தனுடையது. 1966இல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிக் கெட்டுவரும் பெண்ணை, அவள் அம்மா தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறாள். படித்தவர்கள் கொதித்துப் போனார்கள். எந்த அம்மா இப்படிச் செய்வாள் என்பது ஒரு கட்சி. இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது இன்னொரு கட்சி.

ஜெயகாந்தன் யார் கோபத்துக்கும் மசிகிற ஆள் அல்லர். கதையை அவர் மாற்றவில்லை. ஆனால் 'எந்த அம்மா இப்படிச் செய்வாள்?' என்ற கேள்வியைத் தூக்கி எறியவும் இல்லை. சரி, அம்மா அப்படிச் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம், கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிட்டாள், அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்திவிட்டான், பிறகு அந்தப் பெண்ணின் கதி என்ன என்று யோசித்து ஒரு முழு நாவலே எழுதினார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிய நாவல். அதற்குள் ஒரு வேடிக்கை வைத்தார். நாவலில் வரும் கங்கா, தனக்கு நடந்ததைப் போலவே ஒரு கதை பத்திரிகையில் வந்திருப்பதைப் படிக்கிறாள். அந்தக் கதையில் மட்டும் அம்மா மகளைத் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொண்டுவிடுகிறாள். வாசகரின் ஆட்சேபணை நாவலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வெறுமனே 'மோசமான கதை' என்று எழுதியிருந்தால் ஜெயகாந்தன் மீசையை நீவிவிட்டுப் போயிருப்பார்.

ரசிப்பவர் அத்துமீறுவதும் உண்டு. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலியில் தம் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு கம்பன் பாட்டைச் சொல்லிச் சொல்லிச் சுவைத்தவர். ஒரே பாட்டை நிறுத்தி, திருப்பி, எந்தச் சொல்லில் மூச்சு நிற்கிறது என்று காட்டுவாராம். பாட்டைக் காதால் படிக்க ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார். ஆனால் தமக்கு ருசிக்காத பாட்டெல்லாம் கம்பன் பாட்டே இல்லை, இடைச்செருகல் என்று தள்ளினார். சில இடங்களில் சொல்லையும் திருத்தினார். புலவர்கள் பொங்கியதில் நியாயம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்று சொல்ல ரசிகருக்கு முழு உரிமை உண்டு. பிடிக்காததால் இது அவர் எழுதியதே இல்லை என்றால், நம் ஊரில் பாதி நூல்களுக்கு ஆசிரியரே இருக்க மாட்டார்.

படிக்காமலே கருத்துச் சொல்கிறவர்களைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. சில வருஷம் கழித்துச் சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஊரெல்லாம் கொடுத்தார்கள். ஜெராக்ஸ் படித்தவர்கள் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். விஷயம் வழக்காகி, 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பிடிக்காத புத்தகத்தை வாசகர் ஓரமாகப் போட்டுவிடலாம். நூலகத்தில் ஒரு நாள் வேலை பார்த்த யாருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. பிடிக்காத புத்தகம் மூன்றாவது நாளே திரும்பி வந்துவிடும்.

புத்தக வெளியீட்டு விழாக்களையும் இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். அணிந்துரையை மட்டும் படித்துவிட்டு மேடை ஏறுகிறவர்களுக்கு ஒரு தனி வேகம் உண்டு, அரை மணி நேரம் பேசுவார்கள். தொல்காப்பியத்தையே அதங்கோட்டு ஆசான் முன்னால், குற்றமறத் தெளிவுபடுத்தித்தான் அரங்கேற்ற வேண்டியிருந்தது என்று அதன் பாயிரம் சொல்கிறது. அந்த ஆசான் இன்றைக்கு ஒரு வெளியீட்டு விழாவுக்கு வந்தால் அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தி உட்கார வைத்துவிடுவோம்.

"நான் என்ன பெரிய படிப்பாளியா, கருத்துச் சொல்ல?" என்று கூச்சப்படுகிற நேயர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறீர்கள். அந்தப் பத்துக் காசுக்காவது பேசலாம். எந்தப் பக்கத்தில் நிறுத்தி எழுந்து போனீர்கள், எதைப் படித்ததும் அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லத் தோன்றியது, எந்த இடத்தில் எழுதியவருக்கு இது தெரியவில்லை என்று பட்டது, இதைச் சொன்னால் போதும்.

தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' 1997இல் வந்தது. நாம் தினமும் புழங்குகிற உப்பு, எண்ணெய் இவற்றுக்குப் பின்னால் இருக்கும் சங்கதிகளைச் சின்னச் சின்னக் கட்டுரைகளாக எழுதியிருப்பார். எங்கள் நூலகத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்த ஆச்சிக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். பேத்தி எடுத்துப் போன இந்தப் புத்தகத்தை அவள் வாசிக்கக் கேட்டிருக்கிறார். தவணை முடிந்து, திருப்பிக் கொடுக்க ஆச்சியே வந்தார். புத்தகம் எப்படி ஆச்சி என்றேன்.

"உப்பைப் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மேசைமேல் வைத்தார். ஆனால் கையை எடுக்கவில்லை. "எங்க ஊர்ல விளக்கு வச்ச பொறவு யாருக்கும் உப்புக் குடுக்க மாட்டோம். அப்படியே குடுத்தாலும் உப்புன்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். இன்னும் எம்புட்டோ இருக்கு. அவரு எந்த ஊர்ல இருக்காரு? வெலாசம் இருந்தா எழுதிக் குடுங்க. பேத்திய விட்டு ஒரு கார்டு போடுதேன்."

அந்தப் புத்தகத்துக்கு இன்னும் 15 நாள் தவணை போட்டு ஆச்சி கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.